வெள்ளைச் சட்டையில் பாதி இதயம்

நகரி,
ஆகஸ்ட் மாதம், திங்கட்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா காஞ்சனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம். தறிகளில் மூன்று சுகம், நாலாவது வழக்கம்போல முக்கி முக்கி ஓடுகிறது. அங்கே திருப்பதியில் உன் சுகம்தான் எனக்குத் தெரியவில்லை.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேச விடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடமும் வார்டன் மேடம் உன் பக்கத்திலேயே நிற்கிறார். அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் எல்லாரும் தெலுங்கில்தான் பேச வேண்டுமாம். நான் பெற்ற பெண் என்னிடம் "பாகுன்னானம்மா, திண்ட்டுன்னானம்மா" என்கிறாள். நானும் மளிகைக் கடையில் பேசுவதுபோல "சரேம்மா, சரேம்மா" என்கிறேன். நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன் என்பதற்குமேல் அந்தப் பாஷையில் உனக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் வரவில்லை. எனக்கும் கேட்க வரவில்லை.

கடிதத்தையும் மேடம் பிரித்துப் பார்ப்பாராம். எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், எழுத வராது, தமிழில்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். சலித்துக்கொண்டே சரி என்றார். தாராளமாகப் பிரித்துப் பார்க்கட்டும். நேராகப் பிடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

நேற்று நீ பேசும்போது நடுவில் ஒரே ஒரு வார்த்தை தமிழில் சொன்னாய். "அம்மா, அந்த ஹார்ட்டு சட்டை" என்றாய். உடனே "தெலுகுலோ, தெலுகுலோ" என்று மேடம் அதட்டியது எனக்கே கேட்டது. நீ மறுபடியும் பாகுன்னானம்மாவுக்குப் போய்விட்டாய். போனை வைத்த பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. எந்தச் சட்டை, என்ன ஹார்ட்டு என்று பீரோவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். கடைசியில் நூல் கோன் மூட்டைக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் கிடைத்தது. உன் பத்தாவது வகுப்பு யூனிபாரம் சட்டை.

அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பால்பாயிண்டு பேனாவால் பாதி இதயம் வரைந்து வைத்திருக்கிறாய். ஓரத்தில் உன் தலை ரப்பர் பாண்டு ஒன்று. இது என்ன அரைகுறை வேலை என்று எனக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு ரோஜாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு போனில் வீடியோ போட்டாள். மடித்த துணியில் பாதி வரைந்தால் போதும், பிரித்தால் முழுசாக வந்துவிடும் என்றாள். வரைந்த கோட்டின் மேலேயே துணியைச் சின்னச் சின்னக் கொசுவமாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கொசுவம் முழுக்கக் கையில் சேர்ந்ததும் அந்த வளைந்த கோடு நேராகிவிடுகிறது. அந்த இடத்தில் இறுக்கிக் கட்டி, இதயம் இருக்கும் பக்கத்தை பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டு, மீதியைச் சாயத்தில் முக்குவது. கட்டு அவிழ்த்தால் வெள்ளை இதயம் தனியாக நிற்கும். மடித்து வைத்திருந்த உன் சட்டையை அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிய அந்த வாரம் நீ இதைத்தான் ஆரம்பித்திருக்கிறாய். முடிக்க விடாமல் அனுப்பிவிட்டோம்.

உங்கள் ஜூனியர் காலேஜில் பெற்றோர் பார்க்க வரும் நாளில் மட்டும் கலர் டிரஸ் போடலாம் என்று விதி இருக்கிறதே, அதற்குத்தான் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். நானே முடித்துக் கொண்டுவருகிறேன். தெரு முழுக்கச் சாயம் ஓடும் ஊரில் இருந்துகொண்டு ஒரு சட்டைக்குச் சாயம் போடத் தெரியாதா எனக்கு.

உன் நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. காலேஜிலிருந்து வாரா வாரம் வாட்ஸப்பில் ராங்க் வருகிறது. பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த பெண், முந்நூறில் இருந்தவள், நூறுக்குள் வந்துவிட்டாள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் படித்துக் காட்டுகிறார். பக்கத்து வீட்டு சுலோசனா கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. நீட் பரீட்சைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, அதற்குள் "டாக்டரம்மா அப்பா" என்று தறி ஷெட்டில் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறார்.

தூக்கம் வரவில்லை என்று முதல் வாரம் சொன்னாயே, இப்போது வருகிறதா? எனக்குத் தெரியும். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் நமக்கெல்லாம் தூக்கம் பிடிக்காது. இங்கே கரண்ட் போனால்தானே தெருவே எழுந்து உட்காரும். நீ தொட்டிலில் இருக்கும்போதே தறி நின்றால் அழுவாய். பழகிவிடும் கண்ணு. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை. சாப்பாட்டை அப்படியே வைக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா காஞ்சனா.


நகரி,
செப்டம்பர் மாதம், விநாயகர் சதுர்த்தி கழிந்த வாரம்.

அன்புள்ள மோனிகாவுக்கு, அம்மாவின் ஆசீர்வாதம். பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். உன் நைனா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

உன்னைப் பார்க்க வந்தபோது சட்டை எங்கே என்று நீ கேட்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாய். என் விரல் பத்தும் நீலமாக இருந்ததல்லவா? உன் நகத்தால் என் நகத்தைச் சுரண்டிப் பார்த்தாய். கூட்டத்தில் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்தாய் என்று யாராவது சொன்னால் போதும்.

வேதாச்சலம் மாமாவின் சாயப்பட்டறைக்குப் போய் மயில் நீலம் கொஞ்சம் வாங்கிவந்தேன். உப்பு, சோடா எல்லாம் அவரே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பாதி பாலியஸ்டரு காஞ்சனா, பாதி கலருதான் புடிக்கும்" என்றார். பிடிக்கிற மட்டும் பிடிக்கட்டும் என்றேன். வீடியோவில் சொன்னபடி நீ வரைந்த கோட்டின் மேல் கொசுவம் பிடித்தேன். தறியில் கிடந்த வேஸ்ட் நூலை நாலு புரியாக முறுக்கி இறுக்கிச் சுற்றினேன். சுற்றி முடித்ததும் கை தானாக ஒரு முடிச்சைப் போட்டுவிட்டது. எந்த முடிச்சு தெரியுமா? ஓடுகிற தறியில் இழை அறுந்தால் பிணைக்கிற முடிச்சு!

அது கடுகளவு இருக்கும், தறி எவ்வளவு அடித்தாலும் நழுவாது. சேலை கிழிந்தாலும் அந்த முடிச்சு மட்டும் கிழியாமல் நிற்கும். இருபது வருஷமாக அந்த ஒரு முடிச்சைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு முடிச்சு கையில் வரவே இல்லை, போட்டது தெரியவும் இல்லை. இந்த ஊர்க்காரி தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு வராது. சாயத்தில் ஊறப்போட்டு, அலசி எடுத்து, அவிழ்க்கலாம் என்று உட்கார்ந்தால் முடிச்சு அசையவில்லை. நகம் ஒடிந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன், நாக்கு நீலமானதுதான் மிச்சம். ரோஜா வந்து ஊசி விட்டுப் பார்த்தாள். கடைசியில் பிளேடு வைத்து அறுத்தேன். நூலோடு துணியும் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் வெளிறின நீலத்தில் நல்ல அழகான இதயம்தான், ஆனால் அடிமுனையில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சட்டைக்காகவா அழுவது என்று உன் நைனா கேட்டார். சட்டைக்காக இல்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, திருப்பதியில் நடந்ததற்கு வருகிறேன். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தேன். உன் நைனா, "துன்னு கண்ணு, துன்னு" என்று தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தார். நாலு வாய் தின்றாய். ஒல்லியாகிவிட்டாய் என்று சொன்னதற்கு "படிக்கிற பொண்ணு அப்படித்தான் இருப்பா" என்று அவரே பதில் சொல்லிவிட்டார். உன்னிடம் நான் கேட்டதற்கெல்லாம் யாரோ ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேடம் பாதி, நைனா பாதி. தமிழில் பேச அன்றைக்கு அனுமதி இருந்தும் உன் வாயிலிருந்து "பாகுன்னானம்மா"தான் வந்தது.

உன் நைனா பிரின்சிபால் ரூமுக்குப் போயிருந்தபோது, வா கண்ணு, வெளியே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று உன்னைக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தேனே. வாட்ச்மேன் பெற்றோர் கார்டைக் கேட்டார். கார்டில் உன் நைனா போட்டோ மட்டும்தான் இருக்கிறது. உன்னைச் சேர்த்த அன்று தறியை விட்டு நகர முடியாமல் நான் வீட்டில் இருந்துவிட்டேன் அல்லவா, அதனால் என் போட்டோ ஒட்டவில்லை. நான் அம்மா என்றேன். "கார்டுலோ உன்னவாள்ளு ராவாலம்மா" என்றார். கார்டில் இருப்பவர்தான் வரவேண்டுமாம். உன்னைப் பெற்றதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நீ அந்தக் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போகிற ஆட்டோவையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் மேலே பார்த்தேன். ஹாஸ்டலின் மூன்றாவது மாடி வராந்தா முழுக்கப் புதிதாகக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். பெயிண்டுகூடக் காயவில்லை. முதல் மாடிக்கு இல்லை, இரண்டாவதுக்கு இல்லை, மூன்றாவதுக்கு மட்டும். எதற்கு என்று வாட்ச்மேனைக் கேட்டேன். புறா வந்து அசிங்கம் பண்ணுகிறது என்றார். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்த வராந்தாவில் என்ன நடந்தது மோனி? எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் யார் கையில் போகும் என்று தெரியாது. ஆனால் அந்த வலை என் கண்ணிலேயே நிற்கிறது.

ரூமிலிருந்து உன் நைனா முகமெல்லாம் பல்லாக வந்தார். உன்னை ஸ்பெஷல் பேட்சில் போட்டுவிட்டார்களாம், அந்த மூன்றாவது மாடியில்தான் ரூமாம். நன்றாகப் படித்ததற்குப் பரிசு. ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது, மாதம் ஒரு முறைதான். தசரா லீவு கிடையாது. தசரா முடிந்ததும் அந்தப் பேட்சை மொத்தமாக விஜயவாடாவுக்குக் கொண்டுபோகிறார்களாம். அங்கே பார்க்க வருவதே வருஷத்துக்கு இரண்டு தடவைதானாம். அடுத்த தடவை பார்க்க வரும்போது நைனா சம்மதம் சொல்லிவிட்டால் போதுமாம். இத்தனை நாள் நீ நன்றாகப் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வாய் இது. நன்றாகப் படிக்கப் படிக்க உனக்குக் கதவு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போகிறது. நீ கொஞ்சம் மோசமாகப் படியேன் என்று எந்தத் தாயாவது எழுதுவாளா? எனக்கு எழுத வருகிறது.

மணி அடித்ததும் நீ எழுந்திருக்கவில்லை. என் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தாய். மேடம் "மோனிகா, மோனிகா" என்று கூப்பிட, நான்தான் அதைப் பிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், முந்தானை அந்த இடத்தில் மட்டும் கசங்கிக் கிடந்தது. அந்தச் சேலையை இன்னும் துவைக்கவில்லை.

இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. ராத்திரியில் தனியாக வராந்தாவில் நிற்காதே. உன் கூட ரூமில் இருக்கும் பெண்ணோடேயே இரு.

உன் அம்மா,
காஞ்சனா.


நகரி,
அக்டோபர் மாதம், வியாழக்கிழமை.

மோனி கண்ணுக்கு,

சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. அவசரமாக எழுதுகிறேன். வேதாச்சலம் மாமா நாளைக் காலையில் சேலைக் கட்டோடு திருப்பதி வருகிறார். இந்தக் கடிதமும் ஒரு பொட்டலமும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்று உனக்குப் புரியும்.

உன்னைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கும் உன் நைனாவுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. அவர் ஊரெல்லாம் விஜயவாடா, விஜயவாடா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாள் காலையில் தறிக்குத் தார்க் குச்சியில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். குறுக்கே ஓட்டும் ஊடைக்குத் தார் இல்லாமல் ஒவ்வொரு தறியாக நின்றது. நாலும் நின்றதும் ஷெட்டில் அப்படி ஒரு அமைதி. தெருவில் போன சுலோசனாகூட, கரண்டு போயிட்டுதா என்று எட்டிப் பார்த்தாள். "என்னாடி ஆச்சி உனக்கு" என்று உன் நைனா கத்தினார். பொண்ண கூட்டிக்கினு வா, அப்புறம் சுத்தறேன் என்றேன்.

அப்புறம் வந்தது சண்டை. அவர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன், அவர் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "பதினஞ்சி வயசுல இந்த ஷெட்டுக்குள்ள வந்தேன் காஞ்சனா. காது பாதி போச்சி, பஞ்சு துன்னு துன்னு நெஞ்சி அடைக்குது. நான்தான் இதுலயே கெடக்கறேன், அவளாச்சும் வெளிய போவட்டும்னு பாக்கறேன், அது தப்பா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. அவ வெளிய போவல, வேற ஒரு ஷெட்டுக்குத்தான் போயிருக்கா, அங்க தறிச் சத்தம்கூட இல்ல என்றேன்.

"புடிக்கலன்னா அவளே வாயத் தொறந்து சொல்ல மாட்டாளா?" என்றார். மேடம் பக்கத்துல நிக்கறப்போ எப்படி சொல்றது, எந்த பாஷையில சொல்றது என்றேன். அவள் சொன்ன ஒரே ஒரு தமிழ் வார்த்தை சட்டை என்பதுதான், அதையும் ஓட்டை பண்ணி வைத்திருக்கிறேன் என்றேன். மூன்றாவது மாடிக் கம்பிவலையைச் சொன்னேன். "அது புறாவுக்குன்னு வாட்ச்மேன் சொன்னான்னு நீதான சொன்ன" என்றார். ஆமாம், சொன்னான் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து நான் மறுபடியும் தார் சுற்றினேன். சோறு வேண்டுமே.

அதற்கு அடுத்த வாரம் உன் ராங்க் வந்தது. பத்துக்குள். உன் நைனா போனைப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். சுலோசனா வாசலில் நின்றுகொண்டு, இந்த வாரம் என்ன ராங்கு என்று அவளாகவே கேட்டாள். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது சிவந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை, வேதாச்சலம் மாமாவோடு திருப்பதிக்குப் போய்வருகிறேன், சேலைக் கட்டு தூக்க ஆள் இல்லையாம் என்று கிளம்பினார். போய்விட்டு சாயங்காலம் வந்தார். கால்கூடக் கழுவாமல் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலைக் கட்டை இறக்கிவிட்டு நேராக உங்கள் ஹாஸ்டல் ரோட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே போகவில்லை, எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெயில் ஏறி இறங்குகிற வரைக்கும். உன்னைப் பார்க்க முடியவில்லையாம். வலைக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாகப் போவது மட்டும் தெரிந்ததாம், எது நீ என்று தெரியவில்லையாம்.

"ஒரு புறாகூட இல்லடி காஞ்சனா" என்றார். "அந்தக் கட்டடம் பூரா பாத்துட்டேன். கூரையில இல்ல, ஜன்னல்ல இல்ல. எதிர் கட்டடத்துலகூட இல்ல. ஒரு புறாகூட இல்லடி."

அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவரே பீரோவைத் திறந்தார். கல்யாணம் காட்சிக்குப் போடுவாரே, அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து என் மடியில் போட்டார். "இது சுத்தக் காட்டன், நல்லா கலரு புடிக்கும்" என்றார். உன் பழைய சட்டையைப் பக்கத்தில் விரித்துப் பார்த்து, அந்தப் பாதி இதயத்தை அவரே வரைந்தார். கொஞ்சம் குண்டாக வந்துவிட்டது, ஏதோ மாங்காய் மாதிரி. சிரிக்காதே, அவர் ரொம்பக் கவனமாகத்தான் வரைந்தார். கொசுவம் நான் பிடித்துக் கொடுத்தேன். கட்டப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டு, "நீ வுடு, நீ போட்டா மறுபடியும் பிளேடுதான்" என்று நூலை வாங்கிக்கொண்டார். இதயத்தின் மேல் பால் கவரைச் சுற்றி அவர்தான் கட்டினார். சாயத்தில் விட்டு எடுத்து, கட்டோடு அலசி, கட்டோடேயே மொட்டை மாடியில் காயப்போட்டோம். சட்டை உனக்குத் தொளதொள என்றுதான் இருக்கும். கையை மடித்து விட்டுக்கொள்.

பொட்டலத்துக்குள் இருப்பது அதுதான். இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. மேடம் பிரித்துப் பார்த்தால் ஏதோ நீலக் கந்தல் சுருட்டி வைத்திருக்கிறது என்று நினைப்பார். நினைத்துக்கொள்ளட்டும். உள்ளே இதயம் எப்படி வந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உன் நைனாவுக்கும் தெரியாது. முதலில் நீதான் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி கண்ணு. இரண்டு தடவை படி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். விஜயவாடாவுக்குச் சம்மதமா இல்லையா என்று அன்றைக்குக் கேட்பார்கள். உன்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, நீயும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். படிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, நான் போகிறேன் என்று உனக்குத் தோன்றினால் எப்போதும்போல யூனிபாரத்திலேயே வந்து உட்கார். குழம்பு கொண்டுவருகிறேன், தின்றுவிட்டுப் போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், என் மேல் சத்தியம்.

அம்மா, என்னால் முடியவில்லை என்றால், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. அவ்வளவுதான். வாயே திறக்க வேண்டாம். பெட்டியைக்கூட எடுக்க வேண்டாம், அதை அப்புறம் வேதாச்சலம் மாமா வந்து எடுத்துக்கொள்ளட்டும். படிக்க நகரியிலேயே காலேஜ் இருக்கிறது, புத்தூரில் இருக்கிறது. டாக்டர் ஆகிறாயோ, நர்ஸ் ஆகிறாயோ, ஒன்றும் ஆகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சட்டைக்குச் சாயம் போடுகிறாயோ, நீ இருந்தால் போதும். சுலோசனா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வாய் இருக்கிறது, உனக்குத் தெரியும்.

கேட் நினைத்துப் பயப்படாதே. உன் நைனா அந்தக் கார்டை இன்றைக்கே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலு தறியையும் ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார். நீ போனதிலிருந்து ஒரு நாள்கூட அவராக நாலையும் சேர்த்து நிறுத்தியதில்லை, போன தடவை உன்னைப் பார்க்க வந்தபோதுகூட ஆள் வைத்து ஓட்டிவிட்டுத்தான் வந்தார்.

எழுதி முடித்துவிட்டேனா என்று பக்கத்தில் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்க்கிறார். அவர் ஒன்று எழுதச் சொல்கிறார், அதையும் எழுதிவிடுகிறேன். அவிழ்ப்பதற்கு பிளேடு, கத்தரி எதையும் தேடாதே என்கிறார். கட்டுக்கு வெளியே நூலில் ஒரு முனை நீளமாகத் தொங்கும், அதைப் பிடித்து இழுத்தால் போதும் என்கிறார். தறியில் போடுகிற முடிச்சை அதில் நான் போடவில்லை என்று அவளிடம் சொல், ஒரே இழுப்பில் வந்துவிடும் என்கிறார்.

நல்லா இரு கண்ணு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மட்டும் பத்திரமாக இரு. பயப்படாமல் இழு.

உன் அம்மா காஞ்சனா,
உன் நைனா.